பிளஞ்சர் முனையும் ஆடி ஆடிப் போன அம்பும்

ரிகர்வ் வில்லுக்கு (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) மலிவு விலை பிளஞ்சர் ஒன்றை மாட்டி நாளாகிறது. அம்பு பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும், ஸ்பிரிங் வைத்த சின்ன முனைதான் பிளஞ்சர். திருகும்போது ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். என்னைப் போன்ற வலக்கைக்காரர்களுக்கு, இறுக்கினால் அம்பு இடப்பக்கம் நகரும், தளர்த்தினால் வலப்பக்கம். 30 மீட்டரில் பேர் ஷாஃப்டையும் (வேன் இல்லாத வெறும் அம்பு) வேன், அதாவது வால் இறகு, ஒட்டிய அம்பையும் பக்கத்தில் பக்கத்தில் விழவைக்க இதில் அதிகம் போராட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெருமையைக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் ஆரம்பித்தது தொல்லை. 50 மீட்டரில் உயரம் சரியாக விழும், இடம் வலமாக மட்டும் சிதறும். அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போவது பின்னால் நிற்பவர் கண்ணுக்கே தெரிந்தது. ரிலீஸ், அதாவது நாணை விடும் விதம், சரியில்லை என்றார்கள். மைதானத்தில் எதற்கெடுத்தாலும் ரிலீஸ்தான் குற்றவாளி!

அம்புகளுக்கு நம்பர் எழுதி எய்தேன். ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வெளியே போனால் அந்த அம்பைச் சந்தேகப்படலாம். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் வேறு நம்பர் போனது. ஸ்பைன் (அம்புத் தண்டின் விறைப்பு) வில்லுக்குப் பொருந்தாவிட்டால் பேர் ஷாஃப்ட் ஒரே பக்கமாகத் தவறும். இது ஒருமுறை இடம், அடுத்தமுறை வலம். பிரேஸ் ஹைட் (வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்) மாறவில்லை. நாணில் தொங்கவிட்ட அம்பு, நாணை லேசாகச் சுண்டியதும் கழன்று விழுந்தது, ஆக நாக் (நாணில் மாட்டும் அம்பின் வால் பிளவு) பிடிப்பும் சரி. வேனில் பவுடர் தடவி எய்து பார்த்தேன், எங்கும் உரசிய தடம் இல்லை.

மிச்சம் பிளஞ்சர்தான். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், பிளாஸ்டிக் முனையில் கார்பன் ஷாஃப்ட் அறுத்த சாய்வான பள்ளம். முனை தானாகச் சுழலும் அமைப்பு, அதனால் பள்ளம் ஒரு நேரம் அம்புக்கு எதிரே நிற்கும், இன்னொரு நேரம் திரும்பியிருக்கும். விரலால் மெதுவாக அழுத்தினால் பாதியில் நறநறவென்று தங்கி, பிறகு சட்டென்று உள்ளே போனது. எல்லாம் மைதானத்துப் புழுதி. இதற்கு எண்ணெய் விடக்கூடாது, இன்னும் புழுதியைச் சேர்க்கும். ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவைத்தால் போதும்.

புழுதி எந்தப் பிளஞ்சரிலும் போகும், அதற்குக் கம்பெனியைத் திட்ட மாட்டேன். ஆனால் முனை தேய்ந்தால் மாற்று முனை தனியாக விற்பதில்லை! ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டுக்காக முழுப் பிளஞ்சரையே வாங்கு என்கிறார்கள். கடைசியில் லேத் பட்டறையில் நைலான் கம்பியைக் கடைந்து மாட்டினேன். சிதறல் அடங்கிவிட்டது. கொஞ்சம் டைட்டாக இருக்கிறது, உப்புத்தாள் போட வேண்டும்.

விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். வேண்டவே வேண்டாம், காசு சேர்த்து உதிரி கிடைக்கிற பிளஞ்சராக வாங்கு என்றேன். நானும் அப்படி ஒன்றுக்குத்தான் ஆர்டர் போட்டிருக்கிறேன், முனைக்காக.