மூன்று கணினிக்கு ஒரே கண் உணரி போதும் என்று சொன்னால் நம்பாதீர்கள்

ஒரே மேசையில் மூன்று கணினிகளை வைத்து வேலை செய்கிறேன். மணிக்கட்டு வலி முற்றியபின், மவுஸை ஒரு திரையின் ஓரம் வரை இழுத்து அடுத்த கணினிக்குக் கொண்டுபோவதே வேதனையாகிவிட்டது. அந்த நிலையில்தான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரு கண் உணரி, அதோடு ஒரு மென்பொருள். எந்தக் கணினியைப் பார்க்கிறோமோ அதற்கு விசைப்பலகையும் மவுஸும் மாறிவிடுமாம். படத்தில் மூன்று திரைகள் இருந்தன. “மூன்றுக்கும் ஓர் உணரி போதுமா?” என்று எழுதிக் கேட்டேன். “தாராளமாகப் போதும்” என்று பதில் வந்தது. நம்பி வாங்கினேன்.

போதவில்லை. இந்த உணரிகள் அகச்சிவப்பு ஒளியைக் கண்மேல் வீசுகின்றன. கருவிழியில் பட்டுத் தெறிக்கும் ஒளிப்புள்ளி, கண்பாவையின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கேமரா அளக்கிறது. பார்வை விழும் இடத்தை அதிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். எந்தத் திரையின் அடியில் பொருத்தி அளவுத்திருத்தம் (நம் கண்ணுக்கேற்ப உணரியைச் சரிசெய்வது) செய்கிறோமோ, அந்தத் திரைக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். பக்கத்துத் திரைக்கு முகத்தை நன்றாகத் திருப்பிவிட்டால் கண்ணே கேமராவுக்குச் சரியாகத் தெரியாது.

பிறகு எப்படி அந்த மென்பொருள் கணினியை மாற்றிக்கொண்டிருந்தது? சில நாள் சோதித்தபின் பிடிபட்டது. கண் தெரியாமல் போனால், கடைசியாக எந்த ஓரத்தில் பார்வை இருந்ததோ அந்தப் பக்கத்துக் கணினிக்குத் திரும்பிவிட்டேன் என்று அதுவாகவே முடிவுகட்டுகிறது. வலது மூலையில் நேரத்தைப் பார்த்துவிட்டு விசைப்பலகையைப் பார்க்கக் குனிந்தால் போதும், அடிக்கும் எழுத்துகள் எல்லாம் வலப்பக்கக் கணினிக்குப் போய்ச் சேரும்.

கடவுச்சொல் அடிக்கும்போது நான் குனிந்துதான் அடிப்பேன். அலுவலகக் கணினியின் கடவுச்சொல் அப்படித்தான், பக்கத்துக் கணினியில் திறந்திருந்த குழு உரையாடலில் போய் விழுந்தது. வழக்கம்போல் என்டரையும் தட்டிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அது எல்லோருக்கும் போய்விட்டிருந்தது. கை நடுங்கியது. அன்று மாலை முழுவதும் ஒவ்வொரு கணக்காகக் கடவுச்சொல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வந்ததால், வலையில் போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளை வைத்து, கணினிகளுக்கிடையே போவதையும் பார்த்தேன். நான் அடித்த ஒவ்வோர் எழுத்தும் எந்த மறையாக்கமும் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல் வெட்டவெளியில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இதுதான் முதல் தவறைவிடப் பெரிதாகப் பட்டது.

பார்வையையே கட்டளையாக எடுத்துக்கொள்வதில் வரும் சிக்கல் யாருக்கும் தெரியாதது அல்ல. ராபர்ட் ஜேக்கப் என்ற கணினி ஆய்வாளர் 1990-லேயே ‘மைடாஸ் தொடுகை’ என்ற பெயரில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கிரேக்கக் கதையில் மைடாஸ் மன்னன் தொட்டதெல்லாம் பொன்னானதைப்போல, பார்த்ததெல்லாம் கட்டளையாகிவிடும் ஆபத்து. கண் இயல்பாகவே அலைவது; ஓரிடத்தில் அது நிற்பதே பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவு. அதனால்தான் 1999-ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் சொன்ன முறையில், கண் பார்க்கும் இடத்தருகே சுட்டி வந்து நிற்கும், இறுதிச் செயலைக் கைதான் செய்யும். இந்தத் துறையில் பொருள் விற்பவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்க நியாயமே இல்லை.

புகார் அனுப்பினேன். அறை வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினால் எனக்குத் திரையே தெரியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அளவுத்திருத்தம் செய்துவிட்டதால் அது பயன்படுத்திய பொருள், திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். அளவுத்திருத்தம் செய்யாமல் அதை எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

இப்படி ஒன்றை வாங்க நினைப்பவர்கள் முதலில் இவற்றைக் கேளுங்கள்: ஒவ்வொரு திரைக்கும் தனி உணரி உண்டா, கண் தெரியாதபோது மென்பொருள் இருந்த கணினியிலேயே நிற்குமா, ஒரு விசையை அழுத்தினால்தான் மாறும்படி வைக்கலாமா, விசைத்தட்டல்கள் மறையாக்கத்தோடு போகின்றனவா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் மேசையில் வைத்துப் பார்த்தபின்னும் திருப்பித் தரலாமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நான் இப்போது, ஒரே விசைப்பலகையையும் மவுஸையும் பல கணினிகளுக்குப் பகிர்ந்து தரும் இன்புட் லீப் பயன்படுத்துகிறேன். கட்டற்ற மென்பொருள், மறையாக்கம் உண்டு, ஒவ்வொரு கணினிக்கும் மாற ஒரு குறுக்குவிசை வைத்திருக்கிறேன். மவுஸை இழுக்க வேண்டியதில்லை, மணிக்கட்டும் தேறி வருகிறது. அந்த விற்பனையாளரின் விளம்பரத்தில் இன்றும் அதே மூன்று திரைப் படம்தான் இருக்கிறது.