கல்யாண நாள் கொண்டாட பெரிய வீடா, ஹெரிட்டேஜ் ஹோட்டலா, மண்டபமா?

அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் (எங்க பக்கம் அப்பா அம்மாவ அப்படித்தான் கூப்புடுவோம்) நாப்பதாவது கல்யாண நாள் வருது, பிள்ளைங்க சென்னை, பெங்களூர், சிங்கப்பூர்னு ஆளுக்கொரு திசைல இருக்கோம், ஊர்ல பங்காளிங்க எல்லாருக்கும் பொதுவா இருக்குற பூர்வீக பெரிய வீட்ல வச்சு கொண்டாடுறதா, ஹோட்டல்லயா, மண்டபத்துலயான்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ராத்திரி பகலா பேச்சு ஓடுது. செட்டிநாட்டுல காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இப்ப நிறைய வீட்ல இதேதான். எங்க வீட்லயும் நடந்துச்சு, கூட்டாளிங்க வீட்டு விசேஷத்துலயும் கூடமாட நின்னு வேலை பாத்திருக்கேன், அதனால எது எப்படின்னு பாத்த அளவுக்கு எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்லாத்தையும் ஒரே கேள்விய வச்சுதான் பாக்குறேன், அவங்க ரெண்டு பேரோட பழைய கூட்டாளிங்க வந்து தங்கி நிம்மதியா உக்காந்து பேச எங்க தோது? சொந்தக்காரங்கள கல்யாணம், காது குத்து, புதுமனை புகுவிழான்னு வருஷத்துல நாலு தடவையாவது பாத்துருவோம். ஆனா ஆத்தாவோட ஸ்கூல்ல ஒரே பெஞ்சுல உக்காந்தவங்க, அப்பச்சியோட அழகப்பா காலேஜ்ல படிச்சவங்க, அடுத்த வீட்ல இருந்து நம்மள இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு திரிஞ்ச ஆச்சி, இவங்கள எல்லாம் ஒரே இடத்துல பாக்க வேற சந்தர்ப்பம் ஏது? அறுபத தாண்டுனவங்க, முட்டி வலி, சுகர், பிரஷர் எல்லாம் இருக்கும். அவங்க வந்து ஒரு ராத்திரி தங்கிட்டுப் போனாங்கன்னாதான் அது கொண்டாட்டம்.

சில பேர் திருக்கடையூர் போயிடலாமான்னு கேப்பாங்க. அபிராமி சன்னதிக்கு போறது நல்லதுதான், யார் வேண்டாம்னா? ஆனா அங்க செய்யுறது அறுபது, எழுபது, எண்பதுன்னு வயசுக்கு செய்யுற சாந்தி. நம்ம பக்கம் ஆத்தா கழுத்திரு (நகரத்தார் வீட்டு பெரிய தாலி) எடுத்துப் போடுறதும் கல்யாணத்துக்கு அப்புறம் அந்த சாந்திக்குத்தான். கல்யாண நாளுக்கு அவ்வளவு பெருசா ஹோமம், கும்பம்னு வச்சா வர்றவங்களுக்கும் இது என்ன விசேஷம்னு குழப்பமா இருக்கும், அதுவும் காரைக்குடில இருந்து நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல வேன்ல உக்காரணும், வயசானவங்க பாதி பேர் அதுலயே கழண்டுக்குவாங்க. கல்யாண நாள் காலைல நகரத்தார்ல பிரிவுக்கு ஒண்ணா இருக்குற அவங்கவங்க நகரக் கோயிலுக்கு, இளையாத்தங்குடியோ மாத்தூரோ வைரவன்பட்டியோ, போயி ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்தா போதும். கல்யாணத்துக்கு மாலை வந்த கோயில் அதுதானே. பிள்ளையார்பட்டிய கோயிலா வச்சிருக்கவங்களுக்கு இன்னும் சுலபம், போற வழிலயே குன்றக்குடியும் பாத்துட்டு பலகாரத்துக்கு வீடு வந்து சேந்துடலாம்.

மண்டபத்த பத்தி ரொம்ப எழுத வேண்டியதில்ல. ஏசி இருக்கு, லிஃப்ட் இருக்கு, கார் நிறுத்த இடம் இருக்கு, இருநூறு முந்நூறு பேர கூப்புடணும்னா வேற வழி கிடையாது. ஆனா மேடை போட்டு பெரிய சேர் ரெண்டு போட்டு அதுல அவங்கள உக்கார வச்சுட்டா வர்றவங்க வரிசையா நின்னு போட்டோ எடுத்துட்டு நேரா சாப்பாட்டு ஹாலுக்கு போயிடறாங்க, நாலு வார்த்த பேச விடாம பின்னாடி நிக்கிறவங்க தள்ளுறாங்க, பந்தி முடிஞ்ச உடனே மண்டபத்துக்காரங்க கூட்டிப் பெருக்க வந்துடறாங்க. கூட்டாளிங்க ஊர்ப்பட்ட தூரத்துல இருந்து அதுக்கா வரணும்?

மண்டபம் வேண்டாம்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு அதுதான் பெருசு. இந்த வயசுல ஆத்தாவோட கூட்டாளிங்கள்ல ரெண்டு மூணு பேருக்காவது வீட்டுக்காரர் தவறியிருப்பாங்க. அவங்க மங்கல காரியம்னா வர தயங்குவாங்க, வந்தாலும் கடைசி வரிசைல போயி உக்காந்துக்குவாங்க, மாலை மாத்தும்போது எந்திரிச்சு வெளிய போயிடுவாங்க. மேடை, கேமரா, ஸ்டேஜ் லைட்டுனு இருக்குற இடத்துல அவங்கள கையப் புடிச்சு கிட்ட கூட்டிட்டு வரவே முடியாது. வீட்ல முடியும். எங்க வீட்டு விசேஷத்துக்கு ஆத்தா அவுக கூட்டாளிக்கு போன் போட்டு, "நீ வந்து பக்கத்துல நின்னாத்தான் நான் மாலைய வாங்குவேன், ஆமா சொல்லிப்புட்டேன்"னு சொன்னாக. அந்த ஆச்சி வந்தாக, வளவுல, அதான் வீட்டுக்குள்ள முற்றத்த சுத்தி இருக்குற இடத்துல, ஆத்தாவுக்கு பக்கத்துலயே நின்னாக, ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. ஆத்தாவுக்கு அன்னைக்கு வேற எந்தப் பரிசும் தேவைப்படல.

இப்ப ஹெரிட்டேஜ் ஹோட்டல். கானாடுகாத்தான், காரைக்குடி, கொத்தமங்கலம், கடியாபட்டின்னு பழைய வீடுகளையே நல்லா புதுப்பிச்சு நடத்துறாங்க, விசாலம், சிதம்பர விலாஸ், சாரதா விலாஸ், பங்களா எல்லாம் வெளியூர்க்காரங்களுக்கே தெரிஞ்ச பேரு. இதுல இருக்குற நிம்மதி என்னன்னா ரூமுக்குள்ளயே வெஸ்டர்ன் டாய்லெட், சுடுதண்ணி, ஏசி. அறுபத்தஞ்சு வயசுல ராத்திரி ரெண்டு தடவை எந்திரிக்கிறவங்களுக்கு இதுதான் முதல் தேவை, சொல்ல கூச்சப்பட்டுக்கிட்டு வரவே மாட்டேன்னு சொன்னவங்கள எனக்கு தெரியும். இன்னொன்னு, ஆத்தாவுக்கு அடுப்படி வேலை இல்ல. பெரிய வீட்ல வச்சா சமையல்காரர் நாலு பேர் வந்திருந்தாலும் ஆத்தா நிலைப்படில நின்னு உப்பு பாருங்க, வெங்காயம் பத்தல, இலை நறுக்கியாச்சான்னு கேட்டுக்கிட்டேதான் இருப்பாக. ஹோட்டல்ல அது அடியோட போயிடும், பட்டுப் புடவையோ காரைக்குடி கண்டாங்கியோ கட்டிக்கிட்டு கூட்டாளிங்களோட சாஞ்சு உக்காரலாம்.

குறைன்னு பாத்தா நேரம். சென்னைல இருந்து பல்லவன் ரயில்ல வர்றவங்க காரைக்குடி வந்து இறங்கவே ராத்திரி ஆயிடும், அதுக்கப்புறம் ஆட்டோ புடிச்சு ஹோட்டலுக்கு வந்தா கிச்சன் மூடுற நேரமா இருக்கும். முன்னாடியே சொல்லி வச்சா சாப்பாடு எடுத்து வைப்பாங்க, ஆனா ஆறிப்போனதுதான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல முற்றத்துல உக்காந்து சத்தமா சிரிச்சுப் பேசவும் முடியாது, பக்கத்து ரூம்ல வேற கெஸ்ட் இருப்பாங்க. அதனால ஹோட்டல்னு முடிவு பண்ணா சின்ன ஹோட்டலா பாத்து எல்லா ரூமையும் நம்மளே எடுத்துக்குற மாதிரி பேசுங்க, பத்து பன்னெண்டு ரூம்னா கூட்டாளிங்களுக்கும் நெருங்குன சொந்தத்துக்கும் சரியா இருக்கும். டிசம்பர், ஜனவரில வெளிநாட்டுல இருந்து ஆளுங்க வர்ற சமயம், வாடகையும் ஏறும், ரூமும் கிடைக்காது.

பெரிய வீட்டுக்கு வருவோம். இதுல வேலை ரொம்ப, மறைக்காம சொல்றேன். முதல்ல வீடு நம்ம ஒருத்தர் வீடு கிடையாது, பங்காளிங்க வீடு. பத்து புள்ளி பதினஞ்சு புள்ளிக்கு, அதாவது அத்தன குடும்பத்துக்கு, சொந்தம், எல்லாருக்கும் முறையா சொல்லணும், அதுவும் குரூப்ல ஒரு மெசேஜ் தட்டி விட்டா மரியாதை ஆகாது, மூத்த பெரியப்பச்சிக்கு நேர்ல போயி இல்லன்னா போன்லயாவது பேசணும். அப்புறம் பூட்டிக் கிடந்த வீடுன்னா சுத்தம் பண்ணவே ஆள் விட்டு நாள் கணக்கா ஆகும். ஒட்டடை, வௌவால் எச்சம், முற்றத்து தண்ணி போற வழியில அடைச்சிக்கிட்ட இலை தழை எல்லாம் எடுக்கணும். ஆத்தங்குடி கல்லு தரைய கழுவிட்டு துணில தேங்காயெண்ணெய் தொட்டு துடைச்சா பழைய பளபளப்பு திரும்ப வந்துடும், அது வந்துட்டா பாதி வீடு எந்திரிச்ச மாதிரி. கரண்ட் லோடு தாங்குமான்னு எலக்ட்ரீசியன கூட்டிட்டு வந்து காட்டணும், ஜெனரேட்டர் வாடகைக்கு சொல்லி வைக்கணும். ஐப்பசி, கார்த்திகைன்னா முற்றம் மேல தகரமோ பந்தலோ போடணும், இல்லன்னா மழை நேரா பந்திலதான் விழும்.

டாய்லெட்தான் பெரிய வீட்டோட பெரிய பிரச்சினை. பழைய வீட்ல அது கடைசி கட்டத் தாண்டி பின்னாடி இருக்கும், நடுவுல நிலைப்படி ஒவ்வொண்ணும் அரை அடி உயரம், ராத்திரி இருட்டுல முட்டி வலிக்காரங்க தாண்டுறது ஆபத்து. முகப்புக்கு ஏறுற படியிலயும் கைப்பிடி இருக்காது. ரெண்டாம் கட்டுலயாவது ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் கட்டிட்டு, படிக்கு கைப்பிடி வச்சு, நடக்குற வழில பூரா நைட் லேம்ப் போட்டாத்தான் அந்த வீட்ல விசேஷம் வைக்கணும்னு நான் சொல்லுவேன். பங்காளிங்க எல்லாரும் ஆளுக்கு கொஞ்சம் போட்டா முடியுற காரியம், அடுத்த விசேஷத்துக்கும் ஆகும்.

இவ்வளவும் பண்ணி அந்த வீட்ல வச்சா என்ன கிடைக்கும்னு கேட்டா, வளவு சுத்தி இருக்குற அறைகள்ல ஒண்ணு அவங்க அறை. கல்யாணமான புதுசுல அவங்கள வேறு வச்சாங்களே, அரிசி பருப்புல இருந்து தனியா கொடுத்து, தனி அடுப்பு மூட்டி, ஒரே கூரைக்குள்ள தனிக் குடித்தனம், அது ஆரம்பிச்சது அந்த அறைலதான். அறை வாசல்ல நின்னு ஆத்தா அவுக கூட்டாளிக்கு காட்டுனாக, "இங்கனதான் சாமான் அடுக்கியிருந்தேன், நீ மொத மொத வந்தப்ப உனக்கு காப்பி போட டம்ளர் ஒண்ணுதான் இருந்துச்சு, நெனப்பிருக்கா?"ன்னு. அந்த ஆச்சிக்கு நெனப்பிருந்துச்சு, டம்ளர்ல பேர் வெட்டுன எழுத்து வரைக்கும் சொன்னாக. எவ்வளவு காசு கொடுத்தாலும் ஹோட்டல்காரங்களால இந்தப் பேச்ச கொண்டு வர முடியாது.

சாப்பாட்டுலயும் வித்தியாசம் இருக்கு. ஹோட்டல்ல வாழை இலை சாப்பாடு நல்லாவே போடுறாங்க, குறை சொல்ல மாட்டேன். மதிய சாப்பாட்டுக்கு அங்கயும் இங்கயும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் காலைப் பலகாரத்துலதான். வெள்ளைப் பணியாரத்த எடுத்துக்குங்க, பச்சரிசிய உழக்குல தலைதட்டி எடுத்து அது மேலயே உளுந்த கோபுரமா வச்சு ஒண்ணா ஊறப்போட்டு, வெண்ணெயா ஆட்டி, கரண்டில எடுத்து காஞ்ச எண்ணெய்ல ஒவ்வொண்ணா ஊத்தணும். ஒரு நேரத்துல ஒண்ணுதான். ஓரம் மெல்லிசா மொறுமொறுன்னு, நடுவுல பஞ்சு மாதிரி உப்பி, சிவக்குறதுக்கு முன்னாடி திருப்பி எடுத்து மிளகாய்த் துவையலோட உடனே இலைல விழணும். பஃபே பாத்திரத்துல மூடி வச்சு நாப்பது பேருக்கு போட்டா அது தொவண்டு போயிடும். வீட்ல ரெண்டு அடுப்ப போட்டு, சமையல்கார ஆச்சி ஊத்த ஊத்த, ஆறு ஆறு பேரா உக்காந்தா எல்லாருக்கும் சுடச்சுட கிடைக்கும். பக்கத்துலயே கந்தரப்பம், கவுனி அரிசி. கவுனி அரிசிய முதல் நாள் ராத்திரியே ஊறப்போடச் சொல்லிடுங்க, அது லேசுல வேகாது. கீழ உக்கார முடியாதவங்களுக்கு மட்டும் டேபிள் போட்டுட்டு மத்தவங்களுக்கு தடுக்கு போடுங்க.

செலவுன்னு பாத்தா பெரிய வீடு சீப்புன்னு நினைச்சு இறங்காதீங்க. சுத்தம், பந்தல், ஜெனரேட்டர், சமையல் கூலி, பாத்திரம், வாடகை கட்டில் மெத்தைன்னு கூட்டினா ஹோட்டல் பில்லுக்கு கிட்டத்தட்ட வந்து நிக்கும். அந்தக் காசுல பாதி நம்ம வீட்டுக்கே போகுது, ஊர்ல வேலை செய்யுறவங்களுக்கு போகுது, அதுல எனக்கு திருப்தி.

என் முடிவு என்னன்னா பகல், சாப்பாடு, ராத்திரி பேச்சு மூணும் பெரிய வீட்ல, உடம்புக்கு முடியாத கூட்டாளிங்களுக்கு படுக்க மட்டும் பக்கத்து ஊர் ஹோட்டல்ல ரூம். ரெண்டு வண்டி நம்ம பொறுப்புல ராத்திரி எந்நேரமும் நிக்கணும், டிரைவருக்கு படுக்க இடமும் சாப்பாடும் குடுத்துடணும். போறவங்க போகட்டும், தெம்பா இருக்குறவங்க வளவுலயே பாய் விரிச்சு படுத்துக்குவாங்க. அப்பச்சியோட கூட்டாளிங்க அன்னைக்கு விடிய விடிய வீட்டுக்குள்ள திண்ணை மாதிரி இருக்குற பட்டாலையில உக்காந்திருந்தாக, விடிகாலை பல்லவன புடிக்க வேண்டியவுகள எழுப்ப வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. வீடு பூட்டியே கிடந்து கூரையும் ஒழுகுது, பங்காளிங்களுக்குள்ள பேச்சுவார்த்தையும் சரியில்லன்னா யோசிக்காம ஹோட்டலுக்கு போயிடுங்க, அந்த சங்கடத்த கல்யாண நாள்ல இழுத்து வச்சுக்கிட்டு ஆத்தாவ அழ வைக்க வேண்டாம்.

எங்க வச்சாலும் கூப்பிடுற லிஸ்ட்ட அவங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு எழுதுங்க. சர்ப்ரைஸ்னு பிள்ளைங்களா போட்ட லிஸ்ட்ல நமக்கு தெரிஞ்ச பேருதான் வரும், அவங்க மனசுல இருக்குற பேரு வராது. பழைய நோட்டுல இருக்குற நம்பர் பாதி மாறியிருக்கும், தேடிப் புடிக்க ரெண்டு மாசமாவது வேணும். திரும்பிப் போறவங்க கைல குடுக்க பனை ஓலை கொட்டான்ல தேன்குழல், மணக்கோலம், சீப்பு சீடை போட்டுக் குடுங்க, செட்டிநாடு கொட்டானுக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, கையால பின்னுற சாமான், அதனால கொட்டான் ஆர்டர மட்டும் லிஸ்ட் எழுதுற அன்னைக்கே சொல்லிடுங்க.