அதிரப்பள்ளி அருவிக்கு எதிரே இரண்டு இரவுகள்

அதிரப்பள்ளி அருவியைப் பார்க்கச் சொகுசு விடுதி தேவையே இல்லை. வனத்துறையின் நுழைவுச் சீட்டை வாங்கிக்கொண்டு, கல் பாவிய சரிவுப் பாதையில் இறங்கினால், ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து சாலக்குடி ஆறு விழுவதை எவரும் அருகிலிருந்து காணலாம். அப்படியிருக்க, ஓர் இரவுக்கு 18,000 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் கொடுத்து, அருவியைப் பார்த்த அறையில் தங்குபவருக்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்ற கேள்வியோடுதான் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நானும் என் மனைவியும் அங்கே போனோம். இரண்டு இரவுகளுக்கு 42,480 ரூபாய் ஆயிற்று. அதில் காலை உணவு மட்டும் அடக்கம். விடுதியின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். அந்த வட்டாரத்தில் இத்தகைய விடுதிகள் பல இருப்பதால், பணம் கட்டுவதற்கு முன் எவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதே படிப்பவருக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கொச்சி விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ., சாலக்குடி ரயில் நிலையத்திலிருந்து 30 கி.மீ. என்று வழி எளிதுதான். நாங்கள் வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியே இறங்கினோம். ஏறத்தாழ 80 கி.மீ. நீளும் இந்தக் காட்டுவழியில் இரு முனையிலும் சோதனைச் சாவடி உண்டு. மாலைக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. கையில் உள்ள நெகிழிப் புட்டிகளையும் கணக்கெடுக்கிறார்கள். விடுதி அறையை நண்பகலிலிருந்தே நமக்காக வைத்திருப்பார்கள் என்றாலும், இந்த வழியில் வருபவர்கள் மாலை தேநீருக்குப் போய்ச் சேர்ந்தாலே போதும் என்று திட்டமிடுவது நல்லது.

அறையைப் பற்றி முதலில் ஒரு குறை. முன்பதிவுப் பக்கத்தில் 'அருவி முகப்பு அறை' என்று போட்டிருந்ததை நம்பிப் போனோம். எங்களுக்குக் கொடுத்த தரைத்தள அறையிலிருந்து பார்த்தால், மூங்கில் புதருக்கு மேலாக அருவியின் தலைப்பகுதி மட்டும் தெரிந்தது. தண்ணீர் விழுவது தெரிந்ததே தவிர, அது எங்கே போய் விழுகிறது என்பது தெரியவில்லை. வரவேற்பில் இருந்த இளைஞர், "இதுவும் அருவி முகப்புதான் சார், மழையில் மூங்கில் வளர்ந்துவிட்டது" என்றார். மூங்கிலின் மேல் பழியைப் போட்ட அந்தத் துணிச்சலை ரசித்தாலும், விடாமல் கேட்ட பிறகுதான் இரண்டாம் தளத்தில் ஓர் அறை கிடைத்தது. ஆகவே, அருவி முழுமையாகத் தெரியும் அறைதானா, எந்தத் தளம் என்பவற்றை எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாம் தள அறையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அகலமான மரப் பால்கனி, இரண்டு சாய்வு நாற்காலிகள், எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் முழு அருவி. கண்ணாடிக் கதவைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டால், அருவி ஒலியில்லாத திரைப்படம்போல் ஆகிவிடுகிறது. கதவைத் திறந்துவிட்டால் அந்த இரைச்சல் கட்டிலுக்கே வந்து சேர்கிறது. முதல் இரவில் அரைமணி நேரம் அது தூக்கத்தைக் கெடுப்பதாகத் தோன்றியது. பிறகு அது நின்றால்தான் விழிப்போம் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். கதவைத் திறந்தே வைத்திருந்ததால் படுக்கை விரிப்பு காலையில் ஈரமாகப் பிசுபிசுத்தது. அதைச் சொல்லாமலேயே கவனித்து, பகலில் மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

விலைக்குக் காரணம் எனக்கு விளங்கியது மறுநாள் விடியற்காலையில். மாலையில் நுழைவாயிலை மூடியது முதல் மறுநாள் காலையில் திறக்கும்வரை, அருவியின் முன் பொதுமக்கள் எவரும் இல்லை. ஐந்தரை மணிக்குப் பால்கனியில் உட்கார்ந்தபோது பள்ளத்தாக்கில் மூடுபனி மட்டுமே இருந்தது. இரைச்சல் கேட்டது, அருவியைக் காணோம். ஆறு மணிக்கு மேல் பனி மெல்ல விலகி, முதலில் பாறையின் கருவிளிம்பும், பிறகு நடுவிலிருந்த வெள்ளைத் தண்ணீரும், கடைசியில் கீழே எழும் சாரலும் தெரிந்தன. பகலில் அதே இடத்தில் கைப்பேசியை உயர்த்தியபடி நூறு பேராவது நிற்பார்கள். இரவிலும் விடியற்காலையைப் போலத்தான்: வண்ண விளக்குகள் எதையும் அருவியின் மேல் பாய்ச்சாததால், கண் இருட்டுக்குப் பழகியதும் மங்கலான வெண்கோடாக அருவி தானாகவே தெரிகிறது. சொகுசு என்று சொல்லி விற்பவற்றுள் குளியல்தொட்டி, தலையணைப் பட்டியல், வரவேற்புப் பானம் ஆகிய எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும், இந்த இரண்டு நேரங்களுக்காக அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பது என் முடிவு. ஆனால் அதற்கு ஆற்றில் தண்ணீர் இருக்க வேண்டும்.

இதைத்தான் எந்த விளம்பரப் படமும் சொல்வதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதத்தில் பகல் பயணமாக இங்கே வந்திருக்கிறேன். அகன்ற கரும்பாறையின் மேல் தனித்தனிக் கீற்றுகளாக வழிந்த தண்ணீரைப் பார்த்து, இதற்கா இவ்வளவு பெயர் என்று திரும்பினேன். இப்போது ஆகஸ்டில் அந்தக் கீற்றுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, பாறையே தெரியாத ஒற்றைத் திரையாக விழுந்தன. பருவமழை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. அருவிக்கு மேலே, 1957-இல் செயல்படத் தொடங்கிய பெரிங்ஙல்குத்து நீர்மின் நிலையம் இருக்கிறது. அதற்கும் மேலே சோலையாறு, பறம்பிக்குளம் அணைகள். பறம்பிக்குளத் தண்ணீரில் ஒரு பங்கு ஆழியாறு திட்டத்தின் வழியே நம் பொள்ளாச்சிப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. எனவே மழையில்லாத மாதங்களில் அதிரப்பள்ளியில் விழும் நீர், மின் நிலையம் எப்போது எவ்வளவு திறந்துவிடுகிறது என்பதைப் பொறுத்தே கூடும், குறையும். கோடையில் காலையில் இளைத்துக் கிடந்த அருவி மாலையில் தேறிக் காணப்பட்டால் வியப்படையத் தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த அருவிக்குச் சற்று மேலே வாழச்சால் பகுதியில் 163 மெகாவாட் மின் திட்டம் ஒன்றைக் கொண்டுவரக் கேரளத்தில் நெடுங்காலமாக முயன்றார்கள். காட்டுக்கும் அங்கே வாழும் காடர் பழங்குடி மக்களுக்கும் கேடு என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழுவும் 2011-இல் அளித்த அறிக்கையில் அதற்கு அனுமதி கூடாது என்றது. அந்தத் திட்டம் வந்திருந்தால், 'அருவி முகப்பு' என்ற சொல்லுக்கு இத்தனை ஆயிரம் ரூபாய் வாங்க முடிந்திருக்குமா என்பதை விடுதி முதலாளிகள் யோசித்துப் பார்க்கலாம். அறையில் வைத்திருந்த பளபளப்பான கையேட்டில் எண்ணெய்க் குளியலுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். இந்த ஆற்றின் கதைக்கு ஒரு வரிகூட இல்லை.

உணவில் காலை வேளைதான் சிறப்பு. புட்டும் கடலைக்கறியும், ஓரம் முறுகிய ஆப்பத்தோடு தேங்காய்ப்பால் மணக்கும் இஷ்டூவும் இரண்டு நாளும் சூடாக மேசைக்கே வந்தன. இரவில் பஃபே என்ற பெயரில் பனீர் வெண்ணெய் மசாலாவையும் நூடுல்சையும் வரிசையாக வைத்திருந்தார்கள். கேட்ட பிறகுதான் வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன் தனி விலையில் வந்தது. மீன் அருமையாகவே இருந்தது. கேரளத்துக்கு வந்தவர்களிடம் கேரள உணவை எதற்காக ஒளித்துவைக்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, திறந்தவெளி உணவுக்கூடத்தில் ஒலிபெருக்கி வைத்து இந்திப் பாட்டுப் போட்டது. அருவியின் ஒலிக்காகக் காசு கொடுத்து வந்தவர்கள், அந்த ஒலி கேட்காத ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேலாளரிடம் சொன்னதும் வருத்தம் தெரிவித்து ஒலியைக் குறைத்தார். மறுநாள் இரவு அது பழைய அளவுக்கே திரும்பியிருந்தது.

நீச்சல் குளம் சிறியது, படமெடுக்க ஏற்றது. ஸ்பாவுக்கு நாங்கள் போகவில்லை.

விடுதி ஏற்பாடு செய்த காலை நடைக்கு ஆளுக்கு 1,500 ரூபாய். இந்தப் பயணத்தில் தயங்காமல் மறுபடியும் செலவழிப்பேன் என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். வழிகாட்டியாக வந்த காடர் இளைஞர் பேசியது குறைவு. ஆனால் எங்கள் கண்ணுக்கு வெறும் இலையாகத் தெரிந்த இடங்களில் எல்லாம் அவருக்கு ஏதாவது தெரிந்தது. கேரளத்தில் உள்ள நான்கு வகை இருவாச்சிகளும் (பெரிய வளைந்த அலகுள்ள பறவைகள்) அதிரப்பள்ளி - வாழச்சால் காட்டில் வாழ்கின்றன. நாங்கள் சின்னச் சாம்பல் இருவாச்சிகளை நிறையவே பார்த்தோம். கேரளத்தின் மாநிலப் பறவையான பெரிய இருவாச்சியை முதலில் கேட்கத்தான் செய்தோம்: நீராவி எஞ்சின் மூச்சு விடுவதுபோன்ற சிறகோசை தலைக்கு மேலே வந்தது, அண்ணாந்து பார்ப்பதற்குள் அது மறு கரைக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இப்போது வனத்துறையோடு சேர்ந்து அந்தக் கூடுகளைக் காக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அட்டைக்கடிக்கு மட்டும் தயாராகப் போக வேண்டும். விடுதியில் அதற்கான காலுறை கொடுத்தார்கள், அணிந்தும் எனக்கு மூன்று கடி.

தென்மேற்குப் பருவமழை மாதங்களிலும், அது ஓய்ந்த அக்டோபர், நவம்பரிலும் இங்கே இரண்டு இரவு தங்கலாம். மழைக்காலத்தில் வால்பாறைச் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். ஜனவரிக்குப் பிறகு அருவிக்காக மட்டும் போகிறவர் பகல் பயணத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பணத்தை அடுத்த மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இருவாச்சிக்காகப் போகிறவர் மட்டும் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டியிருக்கும்: ஏறத்தாழ ஜனவரி முதல் மே வரையில்தான் பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கிறது, ஆண் பறவை ஒரு சிறு பிளவின் வழியே பழம் கொண்டுவந்து ஊட்டுகிறது. அவருக்கு அருவி முகப்பு அறையே வேண்டாம். மூங்கிலுக்குப் பின்னால் இருக்கும் தரைத்தள அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, விலையைக் குறைக்கச் சொல்லலாம்.