கெட்டி ரத்தம்: எடுப்பதா, இரும்பு கொடுப்பதா?

என் தங்கைக்கு 34 வயது. இதயத்தில் இருந்த ஓட்டை சிறுவயதில் யார் கண்ணிலும் படவில்லை; இப்போது ஐசன்மெங்கர் நிலை, அதாவது நுரையீரலில் அழுத்தம் ஏறி, ஆக்சிஜன் ஏறாத ரத்தம் ஓட்டை வழியாக உடம்புக்குப் போகும் நிலை. உதடும் நகமும் எப்போதும் நீலம்தான். ஆக்சிஜன் போதாததால் உடம்பு சிவப்பணுக்களை நிறையச் செய்துகொள்கிறது. ஹீமோகுளோபின் 20-ஐத் தாண்டித்தான் நிற்கும். ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "ரத்தம் ரொம்ப கெட்டியா இருக்கு, ஸ்ட்ரோக் வந்துடும், கொஞ்சம் எடுத்துடலாம்" என்றார்கள்.

எடுத்தோம், ஒரே வருஷத்தில் நான்கு முறை. தலைபாரம் ஒரு வாரம் குறையும், அப்புறம் முன்பைவிடக் களைப்பாகத் திரும்பி வரும்.

பிறவி இதய நோயைத் தனியாகப் பார்க்கும் டாக்டர் ஒருவர் ஹீமோகுளோபினைத் தாண்டி எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு), ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டுவது) இரண்டையும் பார்த்தார். இரண்டுமே தரைமட்டம். ரத்தம் எடுக்கும்போதெல்லாம் இரும்பும் சேர்ந்து போயிருக்கிறது. ஹீமோகுளோபின் 21 இருப்பவளுக்கு இரும்புச்சத்துக் குறைவா என்று நாங்கள் நம்பவில்லை. ஆனால் இவளுக்கு இருக்கவேண்டிய அளவே வேறு. எண்ணிக்கை நிறைய இருந்தும் அணுக்கள் சிறுத்து, சுமக்கவேண்டிய ஆக்சிஜனைச் சுமக்காமல் இருந்தன. தலைவலி, மயக்கம், சோர்வு எல்லாம் கெட்டி ரத்தத்துக்கும் வரும், இரும்புக் குறைவுக்கும் வரும். அதைக் கெட்டி ரத்தம் என்று நினைத்து மறுபடி எடுத்தால் குறை இன்னும் கூடும்.

என்னை மாற்றியது 1996-ல் வந்த மேயோ கிளினிக் ஆய்வு. நீலம் பாய்ந்த இதய நோயுள்ள பெரியவர்கள் 162 பேரைப் பார்த்ததில் 22 பேருக்கு மூளை ரத்தநாளப் பாதிப்பு. அதோடு நெருக்கமாகப் பொருந்தியது ஹீமோகுளோபின் அளவு இல்லை, சிறுத்த அணுக்கள். உயர் ரத்த அழுத்தமும், இதயத்துடிப்புத் தாறுமாறாவதும், முன்பு ரத்தம் எடுத்திருப்பதும் அதோடு பொருந்தியவற்றின் பட்டியலில் இருந்தன.

அதனால் இரும்பு மாத்திரைக்கு மாறினோம். குறைந்த அளவு, டீயோடு சேர்க்காமல். இதில் கவனம் வேண்டும்: இரும்பு கிடைத்ததும் ஹீமோகுளோபின் மளமளவென்று ஏறலாம். அதனால் சில வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை, ஃபெரிட்டின் நிறைந்ததும் நிறுத்தம். கத்திரி வெயிலில் தண்ணீர் குடிப்பதும் மருந்து மாதிரிதான்.

ரத்தம் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 65 சதவீதத்தைத் தாண்டி, தொந்தரவும் இருந்து, நீர்ச்சத்தும் இரும்பும் சரியாக இருந்தால் எடுக்கலாம். எடுத்த அளவுக்குச் சலைன் ஏற்ற வேண்டும். எங்கள் அனுபவம் பத்து மாதம்தான். ஸ்ட்ரோக் வராததற்கு இரும்புதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மாடிப்படியில் பாதியில் உட்காருவது நின்றிருக்கிறது, அதைச் சொல்லலாம்.

எந்த வழியானாலும், டிரிப் போட்டால் குழாயைப் பாருங்கள். இந்த இதயத்தில் சிறு காற்றுக்குமிழிகூட நுரையீரலில் தங்காமல் நேராக மூளைக்குப் போய்விடலாம். காற்றைத் தடுக்கும் ஃபில்டர் கேட்டு வாங்குங்கள். நான் ஒவ்வொரு முறையும் குழாயை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் கையில் இணைக்க விடுகிறேன்.