பேட்டரி மாற்றினால் ஆட்டோமேட்டிக் கியர் மறந்துபோகுமா? மூன்று வழிகள், ஓர் அலசல்

ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் பேட்டரி மாற்றுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று கட்சி கிளம்பும். 'பழசைக் கழற்று, புதுசை மாட்டு, ஓட்டு. தானாகச் சரியாகிவிடும்' என்பது முதல் கட்சி. 'கரண்ட் ஒரு நொடிகூட அறுபடக் கூடாது, மெமரி சேவர் (பேட்டரி இல்லாத நேரத்தில் கரண்ட் கொடுக்கும் சின்னக் கருவி) போட்டுத்தான் மாற்ற வேண்டும்' என்பது அடுத்தது. 'மாற்றிய கையோடு ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) போட்டு கியர்பாக்ஸை ரீசெட் பண்ணிவிடுங்கள்' என்பது மூன்றாவது. தனி பில் வருவது இதற்குத்தான். என் ஓட்டு முதல் கட்சிக்கு, ஒரே ஒரு விதிவிலக்கோடு.

முதலில், கியர்பாக்ஸ் அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறது? டார்க் கன்வெர்ட்டர் வகை (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும்) ஆட்டோமேட்டிக்கில் ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச் தட்டுகளை ஆயில் பிரஷர்தான் அழுத்திப் பிடிக்கிறது. சோலனாய்டு எனும் மின்சார வால்வுகள் அந்தப் பிரஷரை அளந்துவிடுகின்றன. தட்டுகள் தேயத் தேய இடைவெளி கூடும். பிடி விழ இன்னும் கொஞ்சம் ஆயில் தேவைப்படும். உள்ளே வரும் சுழற்சியையும் வெளியே போகும் சுழற்சியையும் சென்சார் வழியாகப் பார்த்து, 'இந்த முறை மாற்றம் தாமதம்' என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டு அடுத்த முறை அளவைத் திருத்துகிறது. இரட்டை கிளட்ச் பெட்டியிலும் ஏஎம்டியிலும் (மேனுவல் கியரைக் கம்ப்யூட்டரே மாற்றும் வகை) கிளட்ச் எந்த இடத்தில் 'கடிக்கிறது' என்பதைக் கற்றுக்கொள்கிறது. இந்தத் திருத்தங்களின் தொகுப்புக்குத்தான் அடாப்டேஷன் என்று பெயர்.

அது எங்கே சேமிக்கப்படுகிறது என்பதில்தான் பாதி சண்டை தீர்ந்துவிடும். பழைய கார்கள் பலவற்றில் பேட்டரி கரண்டை நம்பி உயிரோடிருக்கும் மெமரியில் இருந்தது. பேட்டரியைக் கழற்றினால் கியர்பாக்ஸ் மறுபடி கற்க வேண்டும், அதுவரை கியர் மாற்றம் முரட்டுத்தனமாகவோ மந்தமாகவோ இருக்கலாம் என்று ஃபோர்டு தன் பல மாடல்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. மறுபக்கம் டொயோட்டாவின் பல ஆட்டோமேட்டிக்குகளில் கற்ற மதிப்புகளை அழிக்கவே ஸ்கேன் கருவி வேண்டும் என்கிறது அவர்களின் சர்வீஸ் புத்தகம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஜி எனும் இரட்டை கிளட்ச் பெட்டியிலும், பிஎம்டபிள்யூவில் வரும் ஜெட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் பெட்டியிலும் இப்படித்தான். கரண்ட் போனாலும் மதிப்புகள் போகாது. ஆகவே எந்த வழி என்று கேட்பதற்கு முன்னால் எந்த வண்டி என்று கேட்க வேண்டும்.

சரி, மறக்காத வண்டியிலும் பேட்டரி மாற்றியபின் 'டி'யில் போட்டதும் ஏன் தூக்கிப்போடுகிறது? பெரும்பாலும் குற்றவாளி கியர்பாக்ஸ் இல்லை, எஞ்சினுக்குள் காற்றை அளந்துவிடும் த்ரோட்டில் பாடி. அதன் தகட்டோரம் கரி படியப் படிய, காற்று குறையாமல் இருக்க எஞ்சின் கம்ப்யூட்டர் தகட்டை ஒரு மயிரிழை அதிகமாகத் திறந்து சமாளித்து வந்திருக்கும். கரண்ட் அறுபட்டதும் அந்தக் கணக்கு பல கார்களில் அழிந்துவிடும். ஐடில், அதாவது மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், ஏறி இறங்கும். ஆர்பிஎம் ஏறி நிற்கும் நேரத்தில் கியர் விழுந்தால் 'டக்'கென்று இடிக்கும், இறங்கி நிற்கும் நேரத்தில் விழுந்தால் வண்டி அணையப் பார்க்கும். பழி மட்டும் கியர்பாக்ஸ் மேல்.

இதற்கு மருந்து ஓட்டுவதுதான், முறையாக ஓட்டுவது. ஹோண்டாவின் பல மாடல்களுக்குச் சொல்லும் முறை இது: லைட், ஏசி எல்லாம் அணைத்து, 3000 ஆர்பிஎம்மில் பிடித்து ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை காத்திருந்து, பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சுமார் 5 நிமிடம் ஐடிலில் விட வேண்டும். ஃபோர்டு கையேடு எஞ்சின் சூடானபின் குறைந்தது 1 நிமிடம் ஐடில், ஏசி போட்டு இன்னொரு 1 நிமிடம், அப்புறம் 16 கிலோமீட்டராவது ஓட்டம் என்கிறது. கியர்பாக்ஸுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஆயில் சூடாக வேண்டும். மென்மையான மிதியில் எல்லா கியரையும் கடந்து, பிரேக்கை மெல்ல மட்டும் அழுத்தி உருண்டு வந்து நிற்க வேண்டும். இதையே சில முறை செய்யுங்கள். மாலை நேர அண்ணா சாலையில் இது நடக்காது. அதிகாலை ஈசிஆர் போதும்.

மெமரி சேவர் கட்சியின் வாதம் பொய்யில்லை. ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் பின்னில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், 4, 5 எர்த். அதன் வழியாகச் சின்ன பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தால் கடிகாரம், ரேடியோவின் ரகசிய எண், பவர் விண்டோ செட்டிங் எல்லாம் தப்பும். ஆனால் கழற்றிய பாசிட்டிவ் கிளாம்பில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பானெட் ஓரத்தில் பட்டால் தீப்பொறிதான். ரப்பர் கையுறையால் சுற்றிக் கட்டிவைக்க வேண்டும். கதவைத் திறந்து வைக்கக் கூடாது, சாவியைத் திருப்பவே கூடாது. ஒரு கடிகாரத்தைக் காப்பாற்ற இவ்வளவு ரிஸ்க் எனக்கு ஒப்பவில்லை.

நான் சொன்ன விதிவிலக்கு இங்கேதான்: நிறைய ஓடிய, மறக்கும் ரகப் பழைய ஆட்டோமேட்டிக். தேய்ந்த கிளட்சை அடாப்டேஷன்தான் இத்தனை நாள் மூடிமறைத்து வந்திருக்கும். மதிப்புகள் தொழிற்சாலைக் கணக்குக்குத் திரும்பினால் தேய்மானம் அம்பலமாகும், 'பேட்டரி மாற்றியதால் கியர்பாக்ஸ் போச்சு' என்று ஊரெல்லாம் சொல்வோம். அப்படிப்பட்ட வண்டிக்கு மெமரி சேவர் நியாயமான வழி.

சில பழைய கைகள் இதற்கும் ஒரு 'குறுக்குவழி' வைத்திருக்கிறார்கள். எஞ்சினை ஓடவிட்டே பேட்டரியைக் கழற்றுவது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பேட்டரி விலகிய நொடியில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறும். கியர் மெமரியைக் காப்பாற்றப் போய் கம்ப்யூட்டரையே பலி கொடுக்கும் வேலை அது.

ஸ்கேனர் ரீசெட்டைப் பற்றிச் சுருக்கமாக: கிளட்ச், வால்வு பாடி (ஆயிலைப் பிரித்தனுப்பும் பகுதி), மெக்கட்ரானிக்ஸ் (அதோடு கம்ப்யூட்டரும் சேர்ந்த பெட்டி) இதில் ஏதாவது மாற்றினால் அவசியம். பேட்டரி மாற்றியதற்காக மட்டும் வேண்டாம். நன்றாகக் கற்று வைத்திருந்ததைக் காசு கொடுத்து அழிப்பானேன்? டிஎஸ்ஜியில் பேசிக் செட்டிங் (ஸ்கேனர் வழியாக மறுபடி கற்கவைக்கும் வேலை) பாதியில் நின்றால் கியரே விழாமல் வண்டி நிற்கவும் கூடும். பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் புது பேட்டரியை ஸ்கேனரில் பதிவு செய்வது வேறு சங்கதி. அது சார்ஜிங்குக்கானது, செய்துதான் ஆக வேண்டும். கடைக்காரர் இரண்டையும் ஒரே பில்லில் கலக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

முறையாக ஓட்டியும் இடி நிற்கவில்லை என்றால், ஸ்கேனருக்கு முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை. வோல்டேஜ் தள்ளாடினால் சோலனாய்டுகளும் தள்ளாடும், கியர்பாக்ஸ் லிம்ப் மோடுக்கே (தற்காப்புக்காக ஓட்டத்தைக் குறைக்கும் நிலை) போகலாம். அப்புறம் டெர்மினல் கிளாம்பைக் கையால் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் 10 எம்எம் ஸ்பேனர் போதும். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் அப்போதே பார்த்துவிடலாம்.