மாடல் 100 கம்ப்யூட்டருக்கு சிப் போடக் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

சிங்கப்பூர், துபாய் என்று போய்வந்த வீடுகள் கீழக்கரையில் நிறைய. வாப்பா கொண்டுவந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. கியோசெரா தயாரித்து, ரேடியோ ஷாக் 1983இல் விற்ற மடிக் கணினி. நாலு பென் பேட்டரி போதும். இதே மெஷின் வேறு யாரிடமாவது இருந்தால், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ராமநாதபுரத்தில் ஒருவர், இதன் ஆப்ஷன் ரோம் சாக்கெட்டுக்கு (கூடுதல் புரோகிராம் உள்ள சிப்பை மாட்டும் இடம்) தானே செய்த சிப் போர்டு மாட்டித் தருவதாகச் சொல்லி 4,500 ரூபாய் வாங்கினார். மெஷின் திரும்பி வந்தபோது திரையில் ஒன்றும் வரவில்லை. "உப்புக் காத்துல சாக்கெட் களிம்பு புடிச்சுப் போச்சு காக்கா, நான் என்ன பண்ண?" என்றார்.

பச்சைப் பொய். அடிமூடியைக் கழற்றி டார்ச்சும் லென்ஸும் வைத்துப் பார்த்தேன். சாக்கெட்டில் கறை துளியும் இல்லை. உள்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய ஸ்பிரிங் தகடுகள் ஒரு வரிசை முழுக்கச் சுவரோடு அமுங்கிக் கிடந்தன. ஒன்று மடங்கிப் பக்கத்துத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் போர்டில் பற்றவைத்திருந்தது சாதாரண சதுரப் பின். அதை அழுத்தி இறக்கியிருக்கிறார்.

மாடல் 100இன் சாக்கெட் மற்ற சாக்கெட் மாதிரி இல்லை. சிப்பை ஒரு பிளாஸ்டிக் தாங்கியில் வைத்து, கால்களை அதன் ஓரத்தில் மடக்கி இறக்குவார்கள். தகடுகள் பக்கவாட்டில்தான் தொடும். எந்தக் காலில் எந்த இணைப்பு என்ற வரிசையும் வேறு. கடையில் கிடைக்கும் 27சி256 ஈப்ரோமை (புரோகிராம் பதியும் சிப்) அப்படியே வைத்தால் வேலை செய்யாது, இணைப்புகளை மாற்றிப் போட வேண்டும். அவர் போர்டில் அந்த மாற்றமே இல்லை. அதாவது, தகடு வளையாமல் இருந்திருந்தாலும் அது ஓடியிருக்காது! அந்த சாக்கெட் இப்போது தயாரிப்பிலும் இல்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

மடங்கிய தகட்டை ஊசியால் நிமிர்த்திய பிறகு மெனு வந்துவிட்டது. ஆனால் ஆப்ஷன் ரோம் இனி அதில் உட்காராது. பணத்தைக் கேட்டால் போனை எடுப்பதில்லை.

யாரிடம் கொடுப்பதானாலும் முதலில் போர்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். நீட்டிக்கொண்டு பின் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, அடியில் உள்ள மெமரி சுவிட்சையும் அணைத்துவிட்டுக் கொடுங்கள். வலப்பக்கத்து பவர் சுவிட்சை மட்டும் அணைத்தால் மெமரிக்குக் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இப்போது இதே வரிசையில் பிறகு வந்த டேண்டி 102, 200 மடிக் கணினிகளுக்கும் போட்டுத் தருகிறேன் என்று அவர் சொல்லித் திரிவதாகக் கேள்வி. அவற்றிலும் இருப்பது இதே தாங்கி சாக்கெட்தான். ஆனால் 27சி256ஐ இணைப்புகளை மாற்றாமலே தாங்கியில் வைத்து இறக்கலாம். அதற்கு அவரிடம் 4,500 ரூபாய் அழத் தேவையில்லை.