டிஸ்க்கா, டவுன்லோடா, சந்தாவா: வீட்டில் படம் பார்க்க எது தேவலை?

வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. டிவிடியோ ப்ளூ-ரேயோ வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். ஆப்பிள், யூடியூப் மாதிரியான கடைகளில் காசு கொடுத்து டிஜிட்டலாக வாங்கலாம். இல்லையென்றால் ஓடிடிக்குச் சந்தா கட்டலாம். இதில் கடைசி இரண்டையும் நாம் ‘டிஜிட்டல்’ என்று ஒன்றாகவே பேசிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. டிஸ்க்குக்கும் ஒரு நியாயம் உண்டு, சந்தாவுக்கும் ஒரு நியாயம் உண்டு. நடுவில் நிற்கிற அந்த டிஜிட்டல் கொள்முதல்தான் பெரும்பாலும் நஷ்டம் என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

படமும் சத்தமும்

எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் டிஸ்க்கை யாரும் நெருங்க முடியாது. 2006-இல் வந்த ப்ளூ-ரே ஒரு அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி கொள்ளும். படத்துக்கு மட்டுமே நொடிக்கு 40 மெகாபிட் தகவல் வரை கொடுக்கலாம்; பொதுவாக இது கூடக் கூடப் படத்தில் நுணுக்கமும் கூடும். 2016-இல் வந்த 4கே ப்ளூ-ரே (முழு எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள்) 100 ஜிபி வரை போகும். அதன் வேகம் 100 மெகாபிட்டையும் தாண்டும். இந்தப் பக்கம், நெட்ஃப்ளிக்ஸ் 4கே பார்க்க நம்மிடம் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட். 1080 என்கிற முழு எச்டிக்கு வெறும் 5.

ஆனால் பிட்டை மட்டும் எண்ணி முடிவு கட்டுவது சரியில்லை. சாதாரண ப்ளூ-ரேயில் பெரும்பாலும் ஏவிசி என்ற பழைய சுருக்கும் முறை. ஓடிடிகள் எச்இவிசி, ஏவி1 என்று புதியவற்றைப் பயன்படுத்துகின்றன. இவை குறைந்த பிட்டிலேயே அதே தரத்தைக் கொண்டுவந்துவிடும். அதனால் 43 இன்ச் டிவியில், பகல் வெளிச்சத்தில் நடக்கும் காட்சியில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடிந்தால் உங்களுக்குக் கழுகுக் கண்.

வித்தியாசம் வெளிவருவது இருட்டில். நள்ளிரவுத் தெரு, புகை, பனிமூட்டம், கொட்டும் மழை ஆகிய இடங்களில் ஸ்ட்ரீமிங் திணறும். கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டிய நிழல், படிப்படியாக வெட்டி ஒட்டியது போலத் தெரியும். பிலிமில் எடுத்த படங்களின் மேல் ஓடும் ‘கிரெயின்’ என்கிற அந்த மெல்லிய பொடியும் முதலில் அங்கேதான் காணாமல் போகும். 65 இன்ச் டிவியோ புரொஜெக்டரோ வைத்திருப்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள்.

சத்தத்தில் இடைவெளி இன்னும் பெரிது. நெட்ஃப்ளிக்ஸில் டால்பி அட்மாஸ் (சுற்றிலும் மேலேயும் இருந்து கேட்கும் ஒலி முறை) என்றால் அதிகபட்சம் நொடிக்கு 768 கிலோபிட், அதுவும் பிழிந்து எடுத்தது. ப்ளூ-ரேயில் வரும் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய ஒலி வடிவங்கள் ஒரு துளியும் இழக்காமல் பல மெகாபிட்டில் ஓடும். நல்ல ரிசீவரும் ஸ்பீக்கர்களும் இருந்தால்தான் இது காதில் ஏறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிவியிலேயே இருக்கும் ஸ்பீக்கரில் கேட்பவர், சத்தத்துக்காக என்று டிஸ்க் வாங்குவது வீண்.

தமிழ்ப் படம் என்றால் கணக்கு மாறும்

மேலே சொன்னதெல்லாம் ஒழுங்காகத் தயாரித்த டிஸ்க்குகளுக்குப் பொருந்தும். தமிழுக்கு அந்தப் பாக்கியம் அதிகம் கிடைக்கவில்லை.

2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்து இறக்கியது. ஒரிஜினல் டிஸ்க் என்றாலே சாமானியர் தொட முடியாத விலையில் இருந்த காலம் அது. திருட்டு விசிடி தேடிப் பர்மா பஜாருக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட அப்போது ஒரிஜினல் வாங்கினார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் விலையை இறக்கினால் தரமும் எங்காவது இறங்கத்தானே வேண்டும்? சந்தையில் ‘ஒரே டிஸ்க்கில் மூன்று படங்கள்’ வந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரட்டை அடுக்கு டிவிடியின் மொத்தக் கொள்ளளவு 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படங்கள் மூன்றை அதில் அடைத்தால், ஒலியையும் சேர்த்து நொடிக்குச் சுமார் 2.5 மெகாபிட்தான் கிடைக்கும். டிவிடியில் இருக்கும் எம்பெக்-2 என்ற இன்னும் பழைய சுருக்கும் முறைக்கு இது பட்டினிச் சோறு. சண்டைக் காட்சியில் ஆட்கள் சதுரம் சதுரமாகச் சிதறியது அதனால்தான்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்காக வந்த டிவிடிகள் இதைவிட நன்றாக இருந்தன. ஆனாலும் மூலையில் அழியாத லோகோ, பாட்டு நடுவே விளம்பர வரி என்று ஏதாவது ஓர் உறுத்தல் இருக்கும். பழைய டிவிடிகள் பலவற்றில், அகலப் படத்தையே பழைய டிவியின் நாலுக்கு மூன்று சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு பதித்திருப்பார்கள். இன்றைய டிவியில் போட்டால் நான்கு பக்கமும் கறுப்பு. நடுவில் தபால் அட்டை அளவுக்குப் படம் ஓடும். ரிமோட்டில் ஜூம் அமுக்கினால் மங்கிப் போகும்.

இயக்குநர் சேரன் 2015-இல் சி2எச் என்ற திட்டத்தைத் தொடங்கி, தன் புதுப் படத்தையே 50 ரூபாய் டிவிடியாக வீடு வீடாகச் சேர்க்கப் பார்த்தார். யோசனையில் தப்பில்லை, காலம்தான் கைகொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் மலிவு டேட்டாவோடு ஜியோ வந்தது, டிசம்பரில் பிரைம் வீடியோ வந்தது. டிஸ்க் வியாபாரம் அதோடு படுத்துவிட்டது. மோசர் பேரே 2018-இல் கலைப்புக்குப் போனது.

ஆகவே கடந்த எட்டுப் பத்து ஆண்டுகளில் வந்த தமிழ்ப் படம் என்றால் அதிகம் யோசிக்க வேண்டாம். ஓடிடியில் இருப்பதுதான் பெரும்பாலும் கிடைக்கக்கூடிய நல்ல பிரதி. பலவற்றுக்கு டிஸ்க்கே வரவில்லை. அறுபது, எழுபதுகளின் படங்களுக்கோ உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே யூடியூபில் முழுப் படத்தையும் இலவசமாகப் போட்டு வைத்திருக்கின்றன. பழைய டிவிடியில் இருக்கும் அதே மங்கல், அதே லோகோ, கூடவே விளம்பரம். தரம் ஒன்றுதான் என்னும்போது, அலமாரியில் அந்த டிவிடிக்கு எதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

டிஸ்க் உண்மையிலேயே ஜெயிப்பது, பழைய படத்தைச் செப்பனிட்டு வெளியிடும் இடங்களில். சத்யஜித் ராயின் அபு வரிசை மூன்று படங்களின் நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் ஆய்வகத் தீ விபத்தில் சேதமடைந்தன. எரிந்தது போக மிஞ்சிய சுருள்களிலிருந்தும் வேறு பிரதிகளிலிருந்தும் படங்களை மீட்டெடுத்து, 2015-இல் க்ரைடீரியன் நிறுவனம் ப்ளூ-ரேயாகக் கொண்டுவந்தது. இந்த மாதிரி வேலையைப் பார்க்க டிஸ்க்தான் சரி. நம் பழைய தமிழ்ப் படங்களுக்கும் யாராவது இப்படிச் செய்தால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

வெளிநாட்டு டிஸ்க் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ப்ளூ-ரேக்கு மண்டலப் பூட்டு உண்டு. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ, பிரிட்டனும் ஐரோப்பாவும் பி, இந்தியா சி. லண்டனிலிருந்து மாமா அன்போடு வாங்கி வந்த டிஸ்க் இங்குள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்க்குகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது, எந்த நாட்டிலும் ஓடும். தனிப் பிளேயர் வாங்க வேண்டும் என்றும் இல்லை. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 என்ற சோனியின் கேம் கருவி வீட்டில் இருந்தால் 4கே டிஸ்க் அதிலேயே ஓடும்.

காசு கொடுத்தும் கைக்கு வராதது

இப்போது அந்த நடுவாந்தர வழி. டிஜிட்டலாக ஒரு படத்தை முழு விலை கொடுத்து வாங்கினால் என்ன கிடைக்கிறது? பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே. ஒத்திக்கு வீடு எடுத்தால்கூட காலி செய்யும்போது கொடுத்த பணம் முழுசாகத் திரும்பிவிடும். இங்கே கடைக்காரர் கடையை மூடினால் பணமும் வராது, படமும் இருக்காது.

வெறும் பயமுறுத்தல் இல்லை இது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பல சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலட் என்ற டிஜிட்டல் அலமாரி 2019 ஜூலை 31-இல் மூடப்பட்டது. பெரும்பாலானோர் வேறு கணக்குகளில் இணைத்துத் தப்பித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலையை அவர்களே செய்ய வேண்டியிருந்தது. 2022-இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், பிளேஸ்டேஷன் கடையில் வாங்கி வைத்திருந்த, ஸ்டுடியோகனால் (StudioCanal) என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் படங்களை ஆகஸ்ட் 31-க்குப் பிறகு பார்க்க முடியாது என்று சோனி அறிவித்தது. இப்படியான புகார்கள் பெருகியபின் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டமே போட்டுவிட்டார்கள்: விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

‘டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் போச்சு’ என்பார்கள். ஆப்பிளில் வாங்கிய 4கே படத்தை 4கே தரத்தில் ஸ்ட்ரீம் செய்யலாம். டவுன்லோடு செய்தால் எச்டிதான் வரும். அப்புறம், கணக்கு ஒரு நாட்டோடு கட்டுண்டது. சென்னையில் வாங்கிச் சேர்த்துவிட்டு டொரன்டோவுக்குக் குடிபோய்க் கணக்கின் நாட்டை மாற்றினால், வாங்கியதில் சில அங்கே கிடைக்காமல் போகலாம். இடம்பெயர்ந்து வாழ்கிற நம் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நண்பருக்கு இரவல் தர முடியாது, பிடிக்கவில்லை என்றால் விற்க முடியாது, பிள்ளைகளுக்கு விட்டுப்போகவும் வழியில்லை.

அதே கடைகளில் வாடகைக்கு எடுப்பது எவ்வளவோ மேல். முப்பது நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். என்ன கிடைக்கிறது என்பது முதலிலேயே தெரிகிறது, விலையும் கொஞ்சம்தான்.

சந்தா

சந்தாவின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சல்லிசு, சுலபம், சோபாவை விட்டு எழ வேண்டாம். பலவீனம் என்னவென்றால், பேரம் அவர்கள் பக்கமே மாறிக்கொண்டிருக்கும். நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் விலையைக் குறைத்தபோதுகூட, 4கே வேண்டுமானால் மாதம் 649 ரூபாய்த் திட்டம்தான் என்றது. பிரைம் வீடியோ 2025 ஜூனில் படத்துக்கு நடுவே விளம்பரம் போட ஆரம்பித்து, அது வேண்டாம் என்றால் ஆண்டுக்கு 699 ரூபாய் தனியாகக் கட்டச் சொன்னது.

படமே போய்விடுவதும் உண்டு. நயன்தாரா நடித்த ‘அன்னபூரணி’ 2023 டிசம்பர் கடைசியில் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2024 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். படத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், ‘பொங்கல் லீவில் பார்க்கலாம்’ என்று வைத்திருந்த சந்தாதாரர் செய்வதற்கு ஒன்றுமில்லை. செயலிக்குள் டவுன்லோடு செய்த படங்களும் கொஞ்ச நாளில் காலாவதியாகிவிடும். ரயில் பயணத்துக்கு அது போதும், சேமிப்பு என்று அதை நம்பக் கூடாது.

டிஸ்க் மட்டும் சாகாவரம் பெற்றதா?

இல்லை. சாம்சங் 2019-இல் அமெரிக்காவுக்குப் புது ப்ளூ-ரே பிளேயர்கள் செய்வதை நிறுத்தியது. தபாலில் டிவிடி அனுப்பியே வளர்ந்த நெட்ஃப்ளிக்ஸ் அந்தச் சேவையை 2023 செப்டம்பரோடு முடித்துக்கொண்டது. இந்தியாவில் புது ப்ளூ-ரே வேண்டுமென்றால் பெரும்பாலும் இறக்குமதிதான், சுங்க வரியையும் சேர்த்தால் கையைக் கடிக்கும்.

டிஸ்க்கே கெட்டுப் போவதும் உண்டு. உள்ளே இருக்கும் உலோகப் பூச்சில் காற்றோ ஈரமோ புகுந்தால் அது அரிக்கும். 2006-க்கும் 2009-க்கும் இடையில் அச்சான தங்கள் டிவிடிகளில் சில ஓடாமல் போவதை வார்னர் பிரதர்ஸே 2025-இல் ஒப்புக்கொண்டு, மாற்றித் தருவதாகச் சொன்னது. தொழிற்சாலையில் அச்சான டிஸ்க்குக்கே இந்தக் கதி. வீட்டில் ‘ரைட்’ செய்த டிஸ்க்குகள் இன்னும் மோசம்; அவற்றில் தகவல் பதிவது சாயத்தில், சாயம் வெளிறும். கல்யாண வீடியோ இன்னும் டிவிடியில் மட்டும்தான் இருக்கிறது என்றால், இதைப் படித்து முடித்ததும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுகிற வழியைப் பாருங்கள்.

இதையெல்லாம் தெரிந்தும் டிஸ்க் சேர்க்க நினைப்பவர்கள், திரும்பத் திரும்பப் பார்க்கிற இருபது முப்பது படங்களுக்கு மட்டும் வாங்கினால் போதும் என்பேன். செகண்ட் ஹேண்டில் எடுத்தால் அடிப்பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவில் வெளிச்சம் தெரிந்தால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம், வேண்டாம். மேலோட்டமான கீறல் பரவாயில்லை. டிவிடியில் தகவல் அரை மில்லிமீட்டருக்கும் உள்ளே இருக்கிறது. ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர் ஆழம்தான், ஆனால் மேலே கெட்டியான காப்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். கடைக்காரர் போட்டுக் காட்டினால் டைட்டிலை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். இரட்டை அடுக்கு டிவிடியில் படத்தின் பின்பாதி இரண்டாவது அடுக்கில் இருக்கும்; பழுதானால் பெரும்பாலும் அங்கேதான் நின்று நின்று ஓடும். இடைவேளைக்குப் பிறகு வரும் பாட்டை ஓட்டச் சொல்லுங்கள், அது தடங்கல் இல்லாமல் ஓடினால் பணத்தைக் கொடுங்கள்.